இடது பின்னல்

பொம்மனஹள்ளி, பெங்களூர்
6 ஜூலை 2025

அன்புள்ள தம்பி கிளாரன்ஸுக்கு, டீனா அக்கா எழுதுவது. இயேசுவுக்கே புகழ்.

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முட்டிவலி மழைக்கு முதல் நாள் வந்து, மழை விட்டதும் போகிறது. உனக்கு இருமல் நின்றதா? புனே ஹோட்டல் சாப்பாட்டை விட்டாயா, இல்லையா?

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், அப்புறம் நம் இரண்டு பேரையும் பேச விடமாட்டாள். அதனால்தான் மெயில். மெயில் என்றாலும் நான் கடிதம் மாதிரிதான் எழுதுவேன். நீயும் கட்டைவிரல் பொம்மை போட்டுவிட்டு ஓடாமல் மரியாதையாகப் பதில் எழுது.

பாடம் சொல்லிக் கொடுக்க உங்கள் கம்பெனி செய்யும் டேப் எங்கள் சர்க்கார் ஸ்கூலுக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே பாடம் என்ற காலம் போயிற்று, இனி ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வேகத்துக்குத் தனிப் பாடம் என்று கோ-ஆர்டினேட்டர் சாய்கிருஷ்ணா மீட்டிங்கில் சொன்னபோது நான் கொட்டாவி விட்டேன். இந்த மாதிரி எத்தனை திட்டம் பார்த்தாயிற்று. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல சாமான்தான். என் ஆறாம் வகுப்பில் ஸ்னேஹா என்று ஒரு வாயில்லாப் பூச்சி. டேப் கையில் வந்ததும் பின்னக் கணக்கில் கிடுகிடுவென்று போய்க்கொண்டிருக்கிறாள். இத்தனை நாள் நான் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு குறை. முதல் நாள் பரீட்சை வைத்து ஒவ்வொருவரையும் ஒரு படியில் உட்கார வைக்கிறது இல்லையா, ரக்ஷா என்ற பெண்ணுக்கு இரண்டாம் படி கொடுத்திருக்கிறது. அதாவது இரண்டாம் வகுப்புப் பிள்ளை. செங்கத்திலிருந்து ஏப்ரலில் வந்த குடும்பம். அங்கே தமிழில் படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் உங்கள் டேப் கேள்வியைக் கன்னடத்தில் கேட்கிறது, விட்டால் இங்கிலீஷில் கேட்கிறது. அவள் திரையில் எப்போதும் சிவப்பு வட்டம். பிள்ளைகள் அவளை 'கெம்பு, கெம்பு' என்று கூப்பிடுகின்றன. கன்னடத்தில் அவள் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை சிவப்பு.

அவள் அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறார், அம்மா கார்மெண்ட்ஸில் இருக்கிறாள். வீட்டில் கைக்குழந்தை. அப்பா வந்து திரையைப் பார்த்துவிட்டு, "மிஷினே சொல்லுது மிஸ், இவளுக்குப் படிப்பு ஏறாதுன்னு. டிசம்பர் வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இதே செவப்புன்னா ஊர்ல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடுவேன். கொழந்தையையாவது பாத்துக்கட்டும்" என்றார். ரக்ஷா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

தமிழில் கேட்க உங்கள் டேப்பில் வழி இருக்கிறதா? விசாரித்து எழுது.

அன்புடன்,
அக்கா டீனா


புனே
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு, இயேசுவுக்கே புகழ்.

நான் சுகம். இருமல் போய்விட்டது. ஹோட்டலை விடவில்லை, அம்மாவிடம் விட்டுவிட்டேன் என்று சொல். அம்மா முட்டிக்கு எண்ணெய் போடுகிறாளா?

ஸ்னேஹாவைப் பற்றி நீ எழுதியதை நான்கு தடவை படித்தேன். இதற்காகத்தான் இரண்டு வருஷமாக நாங்கள் தூங்காமல் கிடக்கிறோம்.

தமிழ் இன்னும் இல்லை அக்கா. அடுத்த வருஷம் வரலாம். ரக்ஷாவைப் பற்றிக் கவலைப்படாதே, டேப் தானாகவே அவளைப் புரிந்துகொள்ளும். கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். நீ மட்டும் இடையில் புகுந்து உதவிவிடாதே. டாக்டரிடம் பொய் சொன்னால் மருந்து தப்பாகத்தானே வரும்?

இன்னொன்று. டிசம்பர் ரிசல்ட்டைப் பார்த்துத்தான் மாநிலம் முழுக்க எங்கள் டேப்பை எடுப்பார்களா என்று முடிவாகும். என் அக்கா இந்தப் பள்ளிகளில் ஒன்றில் டீச்சர் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்னை வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் சாய்கிருஷ்ணாவிடம் என் பேச்சை எடுக்காதே.

அன்புடன்,
கிளாரன்ஸ்


பொம்மனஹள்ளி
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு, இயேசுவுக்கே புகழ்.

இங்கே எல்லாரும் நலம். அம்மா எண்ணெய் போடுகிறாள், ஆனால் வாசனை பிடிக்கவில்லையாம், உன்னிடம் புகார் சொல்லச் சொன்னாள். மாதா திருவிழாவுக்கு நீ வருவாயா என்று கேட்கிறாள்.

கொஞ்சம் நாள் பிடிக்கும் என்றாய். அப்பனுக்கு டிசம்பர்தான் கெடு, உன் டேப்புக்கு அது தெரியுமா? நீ உதவாதே என்றாய். நான் உதவினேன். திட்டாமல் முழுக்கப் படி.

புதன்கிழமை தோறும் டேப் ஒரு பரீட்சை வைக்கும், தேறினால் அடுத்த படி. அந்த நேரத்தில் டீச்சர் பிள்ளை பக்கத்தில் போகக் கூடாது என்பது சட்டம். நான் ரக்ஷாவின் பின்னால் போய் நின்று, "என்னடி இது, சடை அவுந்து தொங்குது" என்று ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டுவேன். கட்டும்போதே காதோடு கேள்வியைத் தமிழில் சொல்வேன். கேள்வியை மட்டும்தான், விடையை இல்லை. அவள் டக்கென்று தொடுவாள். பச்சை. அடுத்த கேள்வி, மறுபடி பச்சை. இப்போது நான்காம் படிக்கு வந்துவிட்டாள்.

எங்கள் ஹெச்.எம். நாகரத்னம்மா மேடம் ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "டீனா மிஸ், ஒந்து ஜடெ எஷ்டு சல ஹாக்தீரா?" என்று கேட்டார். ஒரு சடையை எத்தனை தடவைதான் பின்னுவீர்கள் என்று. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வழி என்கிறீர்கள். நல்லது. ஆனால் உனக்கு எந்தப் பாஷை புரியும் என்று முதலில் கேட்க வேண்டாமா? விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசல் கதவைச் சாத்தினால் எப்படி?

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். தம்பியாகக் கேட்டுக்கொள், கம்பெனியாகக் கேட்காதே.

அன்புடன்,
அக்கா


புனே
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. திருவிழாவுக்கு வர முடியாது, வேலை அதிகம்.

சில விஷயம் தெரிய வேண்டும். ரிப்பன் கட்டும் வேலையை எந்த வாரத்திலிருந்து செய்கிறாய்? எல்லா புதன்கிழமையுமா? ரக்ஷாவுக்கு மட்டும்தானா, வேறு பிள்ளைகளுக்கும் செய்தாயா? மற்ற டீச்சர்கள் யாராவது இப்படிச் செய்கிறார்களா? சீக்கிரம் எழுது.

கிளாரன்ஸ்


பொம்மனஹள்ளி
14 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு, இயேசுவுக்கே புகழ்.

என்னடா, எஸ்.ஐ. மாதிரி கேள்வி கேட்கிறாய்? அம்மாவின் முட்டியைக்கூட விசாரிக்கவில்லை. அவளிடம் விசாரித்ததாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து. எல்லா புதனும். ரக்ஷாவுக்கு மட்டும். வேறு யாரும் செய்யவில்லை, மற்ற பிள்ளைகளுக்குத் தேவையும் இல்லை. போதுமா எஜமானே?

நல்ல சேதி, போன புதன் அவள் ஐந்தாம் படி ஏறிவிட்டாள். அப்பாவை வரச் சொல்லிப் பச்சை வட்டத்தைக் காட்டினேன். மனுஷன் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். "எங்க மேஸ்திரிகிட்ட காட்டணும் மிஸ், அவன் பையன் கான்வென்டாம்" என்றார். போகும்போது மகளின் பையைத் தானே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். கெம்பு என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


பொம்மனஹள்ளி
12 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு, இயேசுவுக்கே புகழ்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் அடித்தால் மீட்டிங் என்று மெசேஜ் வருகிறது. அம்மாவிடம் இரண்டு நிமிஷம் பேசினாயாம், அவள் என் பேச்சை எடுத்ததும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாயாம். உடம்புக்கு ஏதாவதா? இல்லை யாராவது பெண் விவகாரமா? எதுவானாலும் எழுது. நான் அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

தசரா விடுமுறை இன்னும் முடியவில்லை. ரக்ஷா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், எப்போது மிஸ் ஸ்கூல் திறக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்புடன்,
அக்கா


பொம்மனஹள்ளி
9 நவம்பர் 2025

திரு. கிளாரன்ஸ் அவர்களுக்கு,

அம்மா நலம்.

புதன்கிழமை எனக்குக் கல்வி ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. தேர்வு நேரத்தில் ஒரு மாணவியின் ரிப்பனைக் கட்டுவது போல நின்று கேள்விகளைக் காதில் சொல்லியிருக்கிறேனாம், ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து. ரிப்பன் விஷயத்தைப் பார்த்தவர் நாகரத்னம்மா மேடம், எழுதிச் சொன்னவள் நான், எழுத்தில் படித்தவன் நீ. ஆகஸ்ட் முதல் வாரம் என்பது மேடத்துக்குத் தெரியாது.

முதலில் மேடத்தைத்தான் சந்தேகப்பட்டு, அவரிடமே நோட்டீஸைக் காட்டினேன், பாவம். அவர் அதைப் படித்து முடிக்கக்கூட இல்லை. "நோட்டீஸ் இரலி, மகு எல்லி?" என்றார். நோட்டீஸ் கிடக்கட்டும், குழந்தை எங்கே என்று.

குழந்தை இல்லை. நோட்டீஸுக்கு இரண்டு நாள் முன்னதாகவே டேப் அவளைத் திரும்ப இரண்டாம் படிக்குத் தள்ளிவிட்டது. வகுப்பு மொத்தமும் பார்க்கச் சிவப்பு வட்டம். அவள் அழவில்லை. டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அப்பா வந்தார். நான் என்னென்னவோ சொன்னேன். "பச்சைன்னீங்க, இப்ப செவப்புங்கறீங்க. அந்த போட்டோவ ஊரெல்லாம் காட்டிட்டேன் மிஸ். எங்கள வெச்சு வெளையாடறீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கிளம்பிவிட்டார். வியாழன் காலை பஸ்ஸில் ரக்ஷாவும் அந்தக் கைக்குழந்தையும் செங்கத்துக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பர் வரைக்கும் அப்பன் கெடு கொடுத்திருந்தார். நவம்பரிலேயே முடித்துவிட்டாய்.

டீனா


புனே
11 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம், நான்தான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் எங்கள் மேலாளர் ரக்ஷாவின் டேப்பைக் கண்டுபிடித்துவிட்டார். இவ்வளவு வேகமாக யாரும் படி ஏறுவதில்லை. யாரோ தில்லுமுல்லு செய்கிறார்கள், பொம்மனஹள்ளிப் பள்ளிகள் மொத்தத்தையும் திட்டத்திலிருந்தே தள்ளிவிடலாம் என்றார். தள்ளினால் ஸ்னேஹாவின் படியும் போகும், எல்லாப் பிள்ளைகளின் படியும் போகும். குளறுபடி ஒரே ஒரு டேப்பில்தான், அதுவும் இப்படித்தான் நடந்தது என்று நான் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. பள்ளியின் பெயரையும் சொல்லவில்லை. அது உன்னிடம் நோட்டீஸாக வரும் என்று நினைக்கவில்லை. டேப் அவளை வகுப்பு நடுவில் கீழே தள்ளும் என்றும் நினைக்கவில்லை.

நீ செய்தது சரியென்று இன்னமும் என்னால் சொல்ல முடியவில்லை. கன்னடம் தெரியாத பிள்ளையை ஐந்தாம் படியில் தனியாக விட்டால், நீ பக்கத்தில் இல்லாத நாளில் அவள் என்ன செய்வாள்? அதையும் யோசி. ஆனால் இந்தப் பிள்ளை போனதற்கு நான்தான் காரணம்.

எழுது அக்கா. திட்டியாவது எழுது.

கிளாரன்ஸ்


புனே
30 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு, இயேசுவுக்கே புகழ். அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கிறது?

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரியும்.

போன கடிதத்தில் பாதிதான் எழுதினேன். பொம்மனஹள்ளியைத் தள்ளியிருந்தால் டிசம்பர் ரிசல்ட் கெட்டிருக்கும், ரிசல்ட் கெட்டால் எனக்குப் பதவி உயர்வு இல்லை. ஸ்னேஹாவை நினைத்தேன் என்பது பொய்யில்லை. என்னையும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று கேட்காதே.

அந்த டீச்சர் என் அக்கா என்று போன திங்கள் ஆபீஸில் சொல்லிவிட்டேன். சொன்னபடியே என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போவதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். கேள்வியைப் பிள்ளையின் பாஷையில் டீச்சர் வாய்விட்டுப் படிக்கலாம், படித்தால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும், கணக்குக்கு ஒரு படி, கன்னடம் வாசிக்க ஒரு படி என்று பிரிக்க வேண்டும். ஜனவரியிலிருந்து அப்படித்தான்.

ரக்ஷா இருக்கும் வீட்டு விலாசம் வேண்டும். அவள் அப்பாவின் போன் நம்பரும்.

கிளாரன்ஸ்


பொம்மனஹள்ளி
4 டிசம்பர் 2025

விலாசமும் நம்பரும் கீழே இருக்கின்றன. செங்கம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். அம்மா நலம்.

டீனா


செங்கம்
21 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து போனிலேயே எழுதுகிறேன். இப்போதுதான் அவர்கள் வீட்டிலிருந்து வந்தேன்.

முன்னாலேயே போன் செய்திருந்ததால் அவள் அப்பாவும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். ரக்ஷா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் அத்தை குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகு, டேப்பில் கேட்கும் அதே கணக்குகளைத் தமிழில் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். கிட்டே போகவில்லை, வாசலில் போய் நின்றுகொண்டேன்.

நான்காம் படிக் கணக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். ஐந்தாம் படியில் இரண்டு கணக்கு அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அவள் கை இடது பின்னலைப் பிடித்துக்கொண்டே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் அப்பா, "அன்னிக்கு மிஷின் சொன்னது பொய்யா சார், இல்ல இன்னிக்கு நீங்க சொல்றது பொய்யா?" என்றார். மிஷினுக்கு உங்கள் மகள் பேசும் பாஷையைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டவன் நான்தான் என்றேன். "அப்ப என்னதான் படி இவளுக்கு?" என்றார். கணக்கில் நாலு, கன்னடத்தில் இரண்டு என்றேன். "ஆறாவது புள்ளைக்கு நாலுதானா?" என்றார். பொய் சொல்ல வாய் வரை வந்தது. நாலுதான் சார், ஆனா அது முழுக்க அவளோடது என்றேன். ரக்ஷா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

அனுப்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. கொழந்தைய யாரு பாத்துக்கறது என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெங்களூர் பஸ் இங்கேயே நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா என்று கேட்கத் தைரியமில்லை. சென்னை போய் புனே போகிறேன்.

கிளாரன்ஸ்


பொம்மனஹள்ளி
25 ஜனவரி 2026

கிளாரன்ஸுக்கு,

அம்மாவின் முட்டி குளிருக்கு மோசம். கிறிஸ்துமஸுக்கு நீ வராததால் கேக்கை வெட்டவே விடவில்லை, புது வருஷத்துக்குத்தான் வெட்டினோம். உனக்கு இருமல் இருக்கிறதா?

பின்னலைப் பற்றி நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஐந்தாம் படிப் பரீட்சையில் அந்த இரண்டு கணக்கும் அவளுக்கு வரவில்லை. திரையில் இடது பக்க விடை சரி என்றால் இடது பின்னலை லேசாக இழுத்தேன். அவள் ஒரு நிமிஷம் தொடாமலே இருந்தாள், அப்புறம் தொட்டாள். கேள்வியை மட்டும்தான் சொன்னேன் என்று உனக்கு எழுதினேன், நோட்டீஸுக்கும் அதையே எழுதினேன். உன்னை அவ்வளவு திட்டியபோதும் இது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. போன வாரம் நாகரத்னம்மா மேடத்திடம் சொல்லி, திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுத்தில் எச்சரிக்கை வந்திருக்கிறது. வரட்டும்.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு உன்னிடம் பதில் இல்லாதது ஆச்சரியமில்லை, அது கம்ப்யூட்டரில் வராது. ரக்ஷாவின் அம்மா வேலை செய்யும் ஃபாக்டரியிலேயே குழந்தைகளை விட ஓர் அறை இருக்கிறது. அங்கே விட அவளுக்குப் பயம். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போய் அங்கிருக்கும் ஆயாவைப் பார்த்துப் பேசி, அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இப்போது விடுகிறாள்.

பொங்கல் முடிந்து குழந்தையோடு ஊரிலிருந்து திரும்பி, போன திங்கள்கிழமை ரக்ஷா ஸ்கூலுக்கு வந்துவிட்டாள். அப்பாதான் கொண்டுவந்து விட்டார். பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை பரீட்சை. நான் அவள் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சாய்கிருஷ்ணா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேள்வியைத் தமிழில் சத்தமாகப் படித்தேன். ஐந்தாம் படிக் கணக்கு ஒன்றில் அவள் கை பின்னலுக்குப் போயிற்று. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அவளும் கையை எடுத்துவிட்டாள். தப்பான விடையைத்தான் தொட்டாள். சிவப்பு வந்தது. "இன்னொரு தடவ சொல்லிக் குடுங்க மிஸ்" என்றாள். நாலிலேயே இருக்கிறாள்.

மணி அடித்த பிறகு, "ஊருக்கு வந்தாரே ஒரு சார், நாலுதான்னு சொன்னாரே, அவரு யாரு மிஸ்? கம்பெனி சாரா?" என்று கேட்டாள்.

என் தம்பி என்றேன்.

அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு வந்து நீயே சொல்.

அக்கா